வக்கீல் கோட்டுக்கு ஒரு கை பாக்கி

கச்சேரி ரோட்டில் தையற்கடை வைத்திருந்த ஹனீஃபா, தம் ஆயுளில் ஒரு துணியைக்கூடச் சொன்ன தேதிக்குக் கொடுத்தவரில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மனிதர் ஒரு கொள்கையை எடுத்துக்கொண்டு முப்பது வருஷம் அதிலிருந்து நூலிழை பிசகாமல் நடந்தார் என்றால் அவரைப் பாராட்டத்தானே வேண்டும்? அவரிடம் ஒரு பையனின் பூணூலுக்கு அளவு கொடுத்த சட்டை, அந்தப் பையனின் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. "பரவாயில்ல, பொறக்கப்போற புள்ளைக்கு ஆவும்" என்று வாழ்த்திவிட்டுப் போனார். ஆயிற்று. நம்பாதவர்கள் அந்தச் சட்டையையே கேட்டுக்கொள்ளலாம். இன்னும் கிழியவில்லை.

அதுதான் சங்கடம். தையல் அப்படி. திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப அவரிடம்தான் போனார்கள். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து ஒரே பதில் வரும்: "வெள்ளிக்கிழமை ஆயிடும்." எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. அவருடைய மூன்று பெண்களின் நிக்காஹ்விலும் மாப்பிள்ளைகள் இரவல் சட்டையில்தான் உட்கார்ந்தார்கள்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கோட்டை மடித்து எடுத்துப்போவது அவருக்குக் கொலைபாதகம். "மடிப்பு விழுந்தா கோட்டு செத்துப் போச்சு. கோட்டு நடந்து வரணும்" என்பார். ஆகவே தைத்து முடித்த கோட்டைத் தாமே போட்டுக்கொண்டு, உட்காராமல், சாயாமல், டிராமிலும் நின்றுகொண்டே போய், சொந்தக்காரர் வீட்டில் கழற்றிக் கொடுப்பார். மெலிந்த உடம்பு, மார்பு முப்பத்தாறு. பெருத்த டாக்டர் ஒருவரின் கோட்டுக்காக வயிற்றில் இரண்டு தலையணை கட்டிக்கொண்டு லஸ் முனையைக் கடந்தபோது, வழியில் மூன்று நோயாளிகள் அவரிடம் நாக்கை நீட்டினார்களாம். மூன்று பேருக்கும் "வெள்ளிக்கிழமை ஆயிடும்" என்றார். இரண்டு பேருக்கு ஆயிற்று என்று கேள்வி.

இப்படிப்பட்டவர் ஒரு குழந்தையின் எதிர்காலத்துக்குப் பொறுப்பாளி ஆனது எப்படி என்பதுதான் கதை.

அந்த நாளில் பட்டணத்தில் சிறுவர்களுக்கென்று தனிக் கோர்ட்டு ஒன்று வந்திருந்தது. குற்றம் செய்த குழந்தையை உடனே அடைத்துப்போடாமல், ஒரு பெரிய மனிதர் பொறுப்பில் ஆறு மாதம் விட்டுப் பார்ப்பார்கள். குழந்தை தன் வீட்டிலேயே இருக்கும். அந்தப் பெரிய மனிதர் வாரம் ஒரு மணி நேரம் அதனோடு பேச வேண்டும். மாதம் ஒரு முறை கோர்ட்டுக்கு வந்து, அது எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சம்பளம் கிடையாது, பட்டம் மட்டும் உண்டு: கௌரவ நண்பர்.

இந்த நண்பர்களை ஏற்பாடு செய்து கொடுப்பதற்காகவே மயிலாப்பூரில் பால ரட்சக சபை என்று ஒன்று பிறந்தது. அங்கத்தினர் நாற்பது பேர். காரியதரிசி, தெற்கு மாடவீதி வக்கீல் பராங்குசாச்சாரியார். மூன்று வருஷம் குழந்தைகளை இடைவிடாமல் காப்பாற்றினார்கள், மேடையில். கோர்ட்டுக்கு அதுவரை ஒரு நண்பரும் போய்ச் சேரவில்லை.

1932 மார்கழியில் சபையின் ஆண்டு விழா. 'ஏழைக் குழந்தைகளுக்குச் சுண்டல் வழங்கப்படும்' என்று நோட்டீசில் போட்டிருந்தது. அடையாற்றங்கரைக் குப்பத்திலிருந்து ஒரு பத்து வயதுப் பெண் அதை நம்பி நடந்தே வந்தாள். பெயர் மண்ணாங்கட்டி. அவளுடைய தாய் முனியம்மாளுக்கு அதற்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதையாவது எமன் மதிக்காமல் போகட்டும் என்று வைத்த பெயர். முனியம்மாள் தியாகராய நகரில் புது வீடுகள் எழும்புகிற இடத்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்தாள்.

வக்கீல் இரண்டரை மணி நேரம் பேசினார். பட்டினி கிடக்கும் குழந்தைகளைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம். அதற்குள், பேச்சைக் கேட்ட களைப்பில் அங்கத்தினர்கள் பின்னறையில் சுண்டலை முடித்துவிட்டார்கள். மண்ணாங்கட்டி காலி அண்டாவை எட்டிப் பார்த்தாள். பிறகு வாசலில் கிடந்த வக்கீலின் பம்ப் ஷூவில் இரண்டு காலையும் நுழைத்துக்கொண்டு கிளம்பினாள். ஓடியிருந்தால் தப்பியிருப்பாள். அது போட்ட டக்கு டக்குச் சத்தம் பிடித்துப்போய், லஸ் வரை நிதானமாக ராணி மாதிரி நடந்திருக்கிறாள். போலீஸ்காரருக்கு வேலை மிச்சம்.

ஏற்கனவே ஒரு முழம் பூ, அபிராமபுரத்துப் பங்களா ஒன்றில் நாலு மாங்காய் என்று இரண்டு தடவை எச்சரித்து விட்டிருந்தார்கள். இது மூன்றாவது. தை மாதம் கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. புகார் கொடுத்தவர், குழந்தைகளின் ரட்சகரான காரியதரிசியேதான்.

மாஜிஸ்திரேட் நல்லவர். அவரிடம் எழுத்துப் படிக்க ஒரு கண்ணாடி இருந்தது. மனிதர்களைப் பார்க்கத்தான் கண்ணாடி இல்லை. நாலடிக்கு அப்பால் அவருக்கு எல்லாரும் புகைதான். அவர் சொன்னார்: "மூன்றாவது தடவை. பொறுப்பான நண்பர் ஒருவர் கிடைத்தால் ஆறு மாதம் தாயோடு இருக்கலாம். இல்லாவிட்டால் பதினாறு வயது வரை வெளியூர்ச் சீர்திருத்தப் பள்ளி."

முனியம்மாள் தரையில் விழுந்தாள். "ஆறு வருசமா? எங்கிட்ட கீறது இது ஒன்னுதான் சாமி!"

"சபையிலிருந்து யார் நண்பராக வருகிறீர்கள்?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

வந்திருந்த அங்கத்தினர்கள் தலையைக் குனிந்து தங்கள் காலையே பார்த்தார்கள். ஷூ பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள் போலும்.

"நாற்பது பேர் இருக்கிறீர்களாமே? பேசுவதற்கு மட்டும்தானா?"

பத்திரிகைக்காரர் ஒருவர் பென்சிலைக் கூராக்கினார். அந்த நேரம் பார்த்து, பின்சுவரோரம் ஒரு கறுப்பு அல்பாகா கம்பளிக் கோட்டு, இரும்புக் கம்பி மாதிரி நிமிர்ந்து வந்து நின்றது. மேலே சரிகைத் தலைப்பாகை. வக்கீல் தீபாவளிக்குக் கொடுத்த கோட்டு! சாட்சி சொல்லும்போது போட்டுக்கொள்ள வேண்டும், காலையிலேயே கோர்ட்டுக்குக் கொண்டுவா என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாட்சி முடிந்து அரை மணி கழித்து ஹனீஃபா அதை நடத்திக் கூட்டிவந்திருந்தார். வக்கீலுக்காகக் கட்டி வைத்த தலைப்பாகையையும் அமுக்காமல் கொண்டுவர வேண்டியிருந்ததால் அதையும் தலையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அதோ நிற்கிறாரே, அந்தக் கனவான்!" என்றார் மாஜிஸ்திரேட். "நீங்கள் இந்தக் குழந்தையைத் திருத்தித் தருகிறீர்களா?"

கேள்வி என்னவென்று ஹனீஃபாவுக்குச் சரியாக விழவில்லை. ஏதோ திருத்தம் என்று மட்டும் காதில் பட்டது. நாக்கு தன் கடமையைச் செய்தது.

"ஆயிடும் சாமி."

"ஆறு மாதத்தில்?"

"ஆறு மாசம் இன்னாத்துக்கு? வெள்ளிக்கிழமை ஆயிடும்."

"என்ன தன்னம்பிக்கை! குழந்தைக்குப் புரிய வேண்டும் என்று அதன் பாஷையிலேயே பேசுகிறார், பாருங்கள்!" என்று மாஜிஸ்திரேட் நெகிழ்ந்தார். பேனா முனைக்கு மேல் எதையும் பார்க்காத கிளார்க், 'சபையின் கௌரவ நண்பர் ஆஜர்' என்று எழுதிக்கொண்டார்.

வக்கீல் எழுந்தார். வாயைத் திறந்தார். பத்திரிகைக்காரரின் பென்சில் 'சபை முன்வந்தது' என்று ஓடுவதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் வெடித்தார்.

"என்ன சாயபு இது? யாரைக் கேட்டுண்டு ஆயிடும்னீர்?"

"கேட்டாரு, சொன்னேன் சாமி. கேட்டா வேற இன்னா சொல்றது?"

"சரி போகட்டும். அடுத்த மாசத்துக்கு சபையிலேர்ந்து வேற மனுஷாளை அனுப்பிச்சுக்கறேன். கோட்டைக் கழட்டும்."

ஹனீஃபா வலது கையைக் கழற்றினார். பக்கத்தில் அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வேற யாரு வருவாங்கோ?" என்று கேட்டாள்.

"வருவா, வருவா" என்றார் வக்கீல்.

"அதான், யாரு?"

வக்கீல் வானத்தைப் பார்த்தார். அங்கத்தினர்கள் டிராமைப் பார்த்தார்கள். முனியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். ஹனீஃபா கழற்றிய கையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சாமி, வலது கை கொஞ்சம் தூக்கிக்கினு கீது. இப்பிடிக் குடுத்தா எனக்குத்தான் கேவலம். பிரிச்சுத் தைக்கணும். வெள்ளிக்கிழமை ஆயிடும்."

கோட்டோடு தலைப்பாகையும் அவரிடமே தங்கிற்று. முப்பது வருஷம் அவர் தாமதித்ததெல்லாம் சுபாவம். வேண்டுமென்றே செய்த தாமதம் இதுதான் முதல்.

சபையிலிருந்து 'நண்பருக்கான விதிகள்' என்று ஒரு புத்தகம் வந்தது, இங்கிலீஷில். ஹனீஃபா அதன் மேல் சாக்பீஸ் வைத்துக்கொண்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை மண்ணாங்கட்டி கடைக்கு வந்ததும் தமக்குத் தெரிந்த நீதிபோதனையைச் செய்தார்.

"திருடக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. தெரிதா?"

"செரி நைனா."

போதனை முடிந்தது. இன்னும் ஐம்பத்தெட்டு நிமிஷம் பாக்கி. என்ன செய்வதென்று தெரியாமல், எந்த மூட்டையில் யார் துணி என்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருக்கையில், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்தார்.

"சட்டை என்ன ஆச்சு சாயபு?"

"முடிஞ்சிடுச்சு வாத்தியார் சார். காஜா மட்டும் பாக்கி."

"இன்னும் வெட்டவே இல்ல சார்" என்றாள் மண்ணாங்கட்டி. "வாத்தியார் துணி அந்த மூட்டையில கீது. கீழேர்ந்து ரெண்டாவுது."

வாத்தியாருக்கு மயக்கமே வந்தது. கோபத்தினால் அல்ல. கச்சேரி ரோட்டில் ஒரு தையற்கடையில் உண்மையைக் கேட்ட முதல் மனிதர் அவர்.

"இன்னாமே இது?" என்று அதட்டினார் ஹனீஃபா, அவர் போன பிறகு.

"நீதானே பொய் சொல்லக் கூடாதுன்னே? அஞ்சு நிமிசங்கூட ஆவல."

தடுப்புக்குப் பின்னால் அவருடைய மனைவி ஜைதூன் பீ சிரிக்கிற சத்தம் கேட்டது. "முப்பது வருசமா நான் வாய் கிழியச் சொன்னேன். இன்னிக்குத்தான் உங்களுக்குச் சரியான நண்பர் கெடச்சிருக்காங்க" என்றாள் அந்த மகராசி.

விஷயம் பரவிவிட்டது. மயிலாப்பூர் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்து, தங்கள் துணியின் உண்மை நிலவரம் தெரிந்துகொள்ள வர ஆரம்பித்தது. சிலர் துணி கொடுக்காமலே கேட்க வந்ததாகவும் சொல்வார்கள். வேறு வழியில்லாமல் ஹனீஃபா தைக்கத் தொடங்கினார். கோர்ட்டுத் தேதியை அவர் மறந்தாலும் அவள் மறக்கவில்லை. விடிந்ததும் கடை வாசலில் நிற்பாள்.

"தேதி இன்னிக்கு நைனா."

"அடுத்த வெள்ளி..."

"இன்னிக்கு! நீ போவலன்னா என்னை இட்டுக்கினு போயிடுவாங்க. எங்கம்மா ராவெல்லாம் தூங்கல."

வக்கீல் வாக்களித்த வேறு மனிதர் ஒரு மாதமும் வரவில்லை. ஆகவே ஒவ்வொரு மாதமும் கோட்டின் வலது கை தைக்கப்படும், தலைப்பாகை ஏறும், கோட்டு நடந்து கோர்ட்டுக்குப் போகும். "பெண் எப்படி இருக்கிறாள்?" என்று மாஜிஸ்திரேட் கேட்பார். "ஆயிக்கினே கீது சாமி" என்பார் ஹனீஃபா. 'முன்னேற்றம் திருப்தி' என்று கிளார்க் எழுதுவார். திரும்பி வந்ததும் கை பிரிக்கப்படும். வக்கீல் குமாஸ்தாவை அனுப்பிக் கேட்டால், "பாத்துக்கோ, ஒரு கை பாக்கி" என்று எடுத்துக் காட்டுவார். மண்ணாங்கட்டியும் வாய் திறக்க வேண்டியதில்லை. நிஜமாகவே ஒரு கை பாக்கிதானே?

ஆடி பிறந்தது. கடைசி விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது வக்கீல் நேரிலேயே கடைக்கு வந்தார். விசாரணை நடக்கிற அன்றைக்கே சாயங்காலம், புதிதாக வந்த ஒரு துரைக்குத் தேநீர் விருந்து.

"அன்னிக்குக் காலம்பற கோட்டும் தலைப்பாகையும் என் ஆத்துல இருக்கணும் சாயபு. இல்லேன்னா நானே கோர்ட்டுக்குப் போய், நண்பராவது கிண்பராவது, இது என் தையல்காரன்னு சொல்லிடுவேன். உமக்கு ஆள்மாறாட்டக் கேஸ். அந்தப் பொண்ணுக்குச் சீர்திருத்தப் பள்ளிக்கூடம்."

அவர் போன பிறகு ஹனீஃபா தையல் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். கொடுக்காவிட்டால் வக்கீல் காட்டிக்கொடுப்பார். கொடுத்தால் கோர்ட்டில் நிற்கக் கோட்டு இல்லை. கோட்டு இல்லாத ஹனீஃபாவை யார் நண்பர் என்பார்கள்?

"குடுத்துடுங்க" என்றாள் ஜைதூன் பீ. "உங்க சொந்தச் சட்டை போட்டுக்கினு போய், நெசத்தைச் சொல்லுங்க."

"சொந்தச் சட்டை எங்கே கீது?"

இருந்தது. மண்ணாங்கட்டிக்குத்தான் எந்த மூட்டையில் என்ன என்று தெரியுமே. அடி மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை இழுத்துப் போட்டாள். ஹனீஃபா தம்முடைய கல்யாணத்துக்காகத் தமக்கே வெட்டி வைத்த சட்டை. இருபத்தெட்டு வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தது. இரண்டே நாளில் தைத்து முடித்தார். அளவு மாற்ற வேண்டியிருக்கவில்லை.

விசாரணையன்று காலையில், சொன்ன தேதியில், சொன்ன நேரத்துக்கு, ஹனீஃபா வக்கீலிடம் கோட்டையும் தலைப்பாகையையும் ஒப்படைத்தார். தெற்கு மாடவீதியில் இரண்டு மாடுகள் அசைபோடுவதை நிறுத்தின. நான் மிகைப்படுத்தவில்லை; மூன்றாவது மாடு கன்னுக்குட்டி, அதற்கு விவரம் போதாது.

கோட்டுதான் கிடைத்துவிட்டதே, வக்கீல் பேசாமல் இருந்திருக்கலாம். அவரோ, தாம் எழுத்துமூலம் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லையே என்று சட்டப்படி யோசித்தார். ஆறு மாதம் பழைய கோட்டில் திரிந்த கோபம், பம்ப் ஷூவின் ஞாபகம் எல்லாம் சேர்ந்து கிளம்பிவிட்டார். எப்படியும் கோர்ட்டு வழியாகத்தான் விருந்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டு, அந்தப் பெண்ணை வண்டியேற்றிவிட்டுப் போகலாம்.

கோர்ட்டில் ஹனீஃபா புதுச் சட்டையில் பின்சுவரோரம் நின்றார். மாஜிஸ்திரேட்டுக்கு அது வெள்ளைப் புகை. "நண்பர் எங்கே? ஒரு நாளும் தவறாதவராயிற்றே!" என்று தேடினார். முனியம்மாளின் கை மகளின் தோளை இறுக்கிப் பிடித்தது. ஹனீஃபா, "சாமி, நான்தான்" என்று சொல்ல ஓரடி முன்னால் வைத்தார்.

அப்போது வாசலில் அல்பாகா கோட்டும் சரிகைத் தலைப்பாகையும் வந்து நின்றன.

"வாருங்கள், வாருங்கள்!" என்று மாஜிஸ்திரேட் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்."

"நான் சொல்ல வந்தது என்னவென்றால்..." என்று ஆரம்பித்தார் வக்கீல். "இந்தப் பெண்ணுக்கு நண்பர் என்று சொல்லிக்கொண்டு..."

"தெரியும், தெரியும். அடக்கம் வேண்டாம். ஆறு மாதம், ஒரு தேதி தவறவில்லை! இன்று சாயங்காலம் விருந்தில் துரையிடமே உங்களைப் பற்றிச் சொல்வதாக இருக்கிறேன். பேர் போன மனிதர்களெல்லாம் மேடையில் பேசுகிறார்கள். நீங்களோ வந்து நின்றீர்கள்." பத்திரிகைக்காரர் பக்கம் திரும்பி, "எழுதிக்கொள்ளும்" என்றார். பென்சில் ஓடியது.

வக்கீலின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மாடவீதியில் தேர் ஒரு முனை திரும்புகிற நேரம் அப்படியே நின்றது. பிறகு, சட்ட ஞானம் உள்ள வாய் அல்லவா, தானாகவே சரியான பக்கம் திரும்பிக்கொண்டது.

"குழந்தை... தங்கமான குழந்தை" என்றார்.

"திருட்டுப் புத்தி?"

"துளிக்கூட இல்லை. அந்த ஷூ விஷயமே... யோசித்துப் பார்த்தால்... புகார் கொடுத்தவரின் அஜாக்கிரதை."

மாஜிஸ்திரேட் பெண்ணைப் பார்த்தார், அதாவது பெண் இருக்கும் திசையைப் பார்த்தார். "நீ சொல்லம்மா. இவர் உனக்காக மாதாமாதம் வந்தாரா?"

ஹனீஃபா முன்னால் வைத்த அடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பொய் சொல்லக் கூடாது என்று தாமே கற்றுக்கொடுத்த பாடம்! அவருடைய போதனை முதல் தடவையாகப் பலித்துத் தொலைக்கப் போகிறது. மண்ணாங்கட்டி வக்கீலின் முகத்தைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். வலது கைத் தையலை உற்றுப் பார்த்தாள்.

"இந்தக் கோட்டுதான் சாமி மாசாமாசம் வந்துச்சு. ஒரு தபா கூடத் தவறல."

பள்ளிக்கூடம் கிடையாது, பெண் தாயோடு இருக்கலாம் என்று உத்தரவாயிற்று. முனியம்மாள் மறுபடி தரையில் விழுந்தாள். மாஜிஸ்திரேட் பேனாவை மூடப்போனவர், நிறுத்தி, இன்னொரு வரியும் சேர்த்தார். இவ்வளவு சிறந்த நண்பரைக் குழந்தை இழக்கக் கூடாது. ஆகையால் அதே கனவான் இன்னும் ஒரு வருஷத்துக்கு, வாரம் ஒரு மணி நேரம், மாதம் ஒரு ஆஜர்.

அந்த வருஷத்துச் சபை அறிக்கையில் காரியதரிசியின் படம் வந்தது. 'மௌனமாகத் தொண்டு செய்தவர்' என்று கீழே போட்டிருந்தார்கள். மௌனமாக என்பது மட்டும் அச்சுப் பிழை இல்லை.

விருந்து முடிந்த மறுநாள் மத்தியானம் வக்கீல் கடைக்கு வந்தார். அக்குளில் கோட்டு, நாலாக மடித்து. ஹனீஃபா கண்ணை மூடிக்கொண்டார். மண்ணாங்கட்டி தரையில் உட்கார்ந்து பித்தான்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை.

"சாயபு," என்று வக்கீல் தொண்டையைக் கனைத்தார், "வலது கை கொஞ்சம் இறுக்கமா இருக்கு. பிரிச்சுத் தைக்கணும். ஒண்ணும் அவசரமில்லை."

அவசரமில்லை! முப்பது வருஷத்தில் எந்த வாடிக்கைக்காரரும் சொல்லாத சொல். ஹனீஃபா கோட்டை இரண்டு கையாலும் வாங்கி, உதறி, மாட்டித் தொங்கவிட்டார். நாக்கு வழக்கம்போல் முந்திக்கொண்டது.

"வெள்ளிக்கிழமை ஆயிடும் சாமி."

"எந்த வெள்ளி நைனா?" என்றாள் மண்ணாங்கட்டி.

பதில் வக்கீலிடமிருந்து வந்தது.

"அடுத்த ஆடி" என்றார், யாரையும் பார்க்காமல். "கடைசி வெள்ளி."